கொடிக்கம்பம் நிற்க வேண்டிய இடம்

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில், கதவோரமாகத்தான் உட்கார இடம் பிடிப்பேன். பிரசங்கம் நீண்டால் வெளியே போய் மணலில் நாலு நடை நடந்துவிட்டு வருவேன். கோணலாக எதையாவது கண்டால் கை சும்மா இராது. அடுத்த வீட்டுச் சுவரில் மாதா படம் சாய்ந்திருந்தாலும் எழும்பிப் போய் நிமிர்த்திவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிப்பேன். "டீச்சர் வந்திட்டுப் போனா வீடு நேராயிடும்" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அந்த மார்கழி வரைக்கும் நானும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் கோயில் மாம்புரியைத் தாண்டித் தலவிலப் பக்கம் போகிற கரையில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது. சின்னக் கோயில். தலவிலப் பெரிய கோயில் திருநாளுக்குப் போகிற பஸ்கள் எங்கள் சந்தியில் நிற்பதுகூட இல்லை. நான் சிலாபம் பக்கத்துப் பெண். என் அப்பாவும் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டில் மீன் கடையிலிருந்து வந்ததே தவிரக் கடலிலிருந்து வந்ததில்லை. இந்த ஊர்க் கடற்தொழிலாளர் ஒருவரைக் கட்டி இங்கே வந்த பிறகுதான் காற்றுக்கும் பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். தென்மேற்கேயிருந்து கச்சான் அடித்தால் வள்ளங்கள் கரையில் கிடக்கும். வடகிழக்கேயிருந்து வாடை தொடங்கினால் கடல் படுத்துவிடும், தொழில் தொடங்கும். அந்தத் தொடக்கத்தில்தான் எங்கள் மாதாவின் திருநாள்.

படித்தவள் என்றொரு பெயர் இருந்ததால் பங்குச்சபைக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். கோயிலுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று பங்குக் குருவான சுவாமி கேட்டபோது அதையும் நானே ஏற்றுக்கொண்டேன். சுவாமி இளையவர், நல்லவர், மலைநாட்டுப் பக்கத்தவர். கடலைக் கண்டால் அவருக்கும் எனக்கும் ஒரே அளவுதான் விளங்கும்.

வரலாறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் கோயில் ஓலையால் ஆனது. தெற்கேயிருந்து மீன் பிடிக்க வந்தவர்கள் தங்களுக்கு ஓலைக் குடிசையாக வாடி போட்டபோது மாதாவுக்கும் ஒரு வாடி போட்டார்கள். காற்று மாறித் திரும்பும்போது மாதாவையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவார்களாம். ஒரு வருடம் சில குடும்பங்கள் போகாமல் தங்கிவிட்டன, மாதாவும் தங்கிவிட்டார். அவர்கள் கட்டிய இரண்டாவது கோயிலைக் கடல் தின்றது. மூன்றாவதுதான் இப்போது இருப்பது. கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர், ஓட்டுக்கூரை, முகப்பின் உச்சியில் ஒரு வெள்ளைச் சிலுவை. அந்தச் சிலுவை கோயிலின் அளவுக்குப் பொருந்தாத பெரிய சிலுவை. கட்டியவர்களுக்கு அளவு தெரியவில்லை என்று புத்தகத்தில் எழுதினேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

புத்தகத்தில் இன்னொன்றும் எழுதினேன். அதைப் பற்றித்தான் இத்தனையும்.

எங்கள் ஊரில் கொடியேற்றத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கொடிக்கம்பம் நிரந்தரமாக நிற்பதில்லை. ஒவ்வொரு திருநாளுக்கும் நேரான சவுக்கு மரமாகப் பார்த்து வெட்டி, வெள்ளை பூசி, கோயிலுக்கு முன்னால் கடற்கரை மணலில் நடுவார்கள். கச்சான் தொடங்குமட்டும் அது நிற்கும், பிறகு பிடுங்கிவிடுவார்கள். நடுவதற்கு முதல், வள்ளம் ஒன்று கடலுக்குப் போகும். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அது நிற்கும். அதில் ஒருவர் எழும்பி நின்று சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடிப்பார். கரையில் எட்டுப் பத்து ஆண்கள் கம்பத்தைச் செங்குத்தாகத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். துணி வடக்கே நீண்டால் கம்பம் வடக்கே நகரும், தெற்கே நீண்டால் தெற்கே. துணி கீழே விழுந்ததும் அந்த இடத்தில் குழி தோண்டுவார்கள்.

இதற்கு ஒரு மணித்தியாலம் போகும். சுவாமி திருவுடையோடு வியர்த்துக்கொண்டு நிற்பார். பேண்ட் வாத்தியக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிப்பார்கள். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. ஒரு தடியை நடுவதற்கு இவ்வளவு கூத்தா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அதுவும் கம்பம் ஒருபோதும் வாசலுக்கு நேராக நின்றதில்லை. ஒரு வருடம் கிணற்றடியில், ஒரு வருடம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில். வாசலிலிருந்து கம்பத்துக்கு விரித்த கம்பளம் கோணி வளைந்து போகும். படம் எடுத்தால் கோயில் ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம்.

ஏன் இப்படி என்று கோயில் மூப்பரிடம் கேட்டேன். பூசைக்கு மணி அடிப்பதும் செபம் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான், காலமெல்லாம் தும்புக் கயிறு விற்றவர். "அது வழக்கம், டீச்சர்" என்றார். வேறு யாரிடமும் கேட்கவில்லை. "கொடி நிற்கும் இடத்தைத் தெரிவுசெய்யும் உரிமையைக் கடலுக்கே விட்டுவிடுவது எம்மவர் பக்தியின் அடையாளம்" என்று புத்தகத்தில் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது.

அந்த வருடம் இத்தாலியில் இருக்கும் ஒரு குடும்பம் கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதியது. ஒரு நிரந்தரக் கொடிக்கம்பம் தாருங்கள் என்று பதில் எழுதியது நான். இரும்புக் கம்பம், வாசலுக்கு நேரே, சீமெந்து அடித்தளம், சுற்றிவர டைல்ஸ் பதித்த மேடை. ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டத்தில் வாசித்தேன். பெண்களுக்குச் சந்தோஷம். பின்வாங்கில் இருந்த கடற்தொழிலாளரில் ஒருவர் சிரித்தார். மற்றொருவர், "ஓம், இப்ப ஜிபிஎஸ் இருக்குத்தானே" என்றார். கம்பத்துக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் என்ன தொடர்பு என்று நான் நினைக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அன்று மத்தியானம் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டார். "சீமெந்து போட்டா பிறகு அசைக்கேலாதே?"

"ஏன் அசைக்கவேணும்?" என்றேன். "அசையக் கூடாது எண்டுதானே சீமெந்து."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர் போல வாய் திறந்தது. நான் அதற்குள் புத்தகத்தின் சிங்களப் பக்கங்களை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிட்டேன். இங்கே வீட்டில் சிங்களம் கதைக்கிறவர்களும் மாதா பிரார்த்தனையைத் தமிழில்தான் சொல்வார்கள். அதனால் எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் எழுத வேண்டியிருந்தது. அவர் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டு நேரம் இன்றைக்கும் என்னை விடுவதில்லை. நடந்துகொண்டிருக்கும்போதும் வந்துவிடும், நின்றுவிடுவேன்.

திருநாள் அழகாக நடந்தது. கொடி ஐந்து நிமிடத்தில் ஏறியது. கம்பளம் நேராகக் கிடந்தது. படங்கள் அச்சுக்கு எடுப்பாக இருந்தன. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன்.

மார்கழி விடுமுறையில் ஒரு காலை. விடியுமுன்னே என் கணவரும் அவருடைய தம்பியும் எஞ்சின் போட்டில் கடலுக்குப் போயிருந்தார்கள். எட்டு மணிக்கு வானம் கறுத்தது. காற்று வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து அடித்து, மழை கொட்டியது. கடல் எழும்பியது. நாலு போட்டுகள் மழைக்கு முதலே வந்துவிட்டன. எங்களுடையது வரவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். அது காற்றில் திரும்பிவிட்டது, எறிந்துவிட்டேன். உயரமாக நின்றால் தெரியும் என்று கொடிக்கம்பத்தின் மேடையில் ஏறி இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மழை கொஞ்சம் மெலிந்தபோது கண்டேன். போட்டின் மூக்கு. பக்கம் எதுவும் தெரியவில்லை, மூக்கு மட்டும், என்னை நோக்கி. எனக்குப் போன உயிர் வந்தது. வந்துவிட்டார், நேராக என்னிடம்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையைக்கூட ஆட்டினேன்.

பக்கத்தில் நின்ற ஒருவர், காலையில் முதலே வந்துவிட்டவர், "ஐயோ, அங்கால இல்ல" என்று கத்தினார். அவருடைய கை வடக்கே காட்டியது. அதற்குள் போட்டின் மூக்கு எழும்பியது. தண்ணீருக்குள் எதன்மீதோ ஏறியது போல நின்றது. பின்னால் வந்த அலை அதைத் தூக்கிப் புரட்டியது.

நான் கழுத்தளவு தண்ணீரில் நின்றது நினைவிருக்கிறது. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. இரண்டு பெண்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், நான் அவர்களை அடித்தேன். தம்பி முதலில் நீந்தி வந்தார். அண்ணனைக் காணவில்லை. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. ஆண்கள் கவிழ்ந்த போட்டுக்குக் கீழே சுழியோடி அவரை இழுத்து வந்தபோது முகம் நீலமாக இருந்தது. மணலில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். இருமினார். அந்த இருமலைப் போல ஒரு சத்தத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

வலது தோள் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுக்கவைத்த மூன்றாம் நாள் கேட்டேன், ஏன் அந்த வழியால் வந்தீங்க என்று.

அவர் அப்போதுதான் சொன்னார். கரைக்கு அடுத்து, தண்ணீருக்குள், கரை நீளத்துக்கு ஒரு மணல் திட்டு கிடக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அது அறுந்திருக்கும். அந்த இடத்துக்கு வாய் என்று பெயர். கடல் பொங்கினால் அந்த வாயால் மட்டும்தான் உள்ளே வரலாம். ஒவ்வொரு கச்சானும் மணலைப் புரட்டி வாயை இடம் மாற்றிவிடும். அதனால்தான் தொழில் தொடங்கும்போது ஒரு வள்ளம் போய் வாயைத் தேடி அதில் நிற்கும். கரையில் கம்பத்தை நகர்த்துவார்கள். வாயில் நிற்கிறவருக்குக் கம்பமும் கோயில் உச்சிச் சிலுவையும் ஒரே கோட்டில் வந்ததும் துணியை விடுவார். பிறகு அந்தப் பருவம் முழுக்கக் கம்பத்தையும் சிலுவையையும் சேர்த்துப் பிடித்தால் வாய்க்குள் வந்துவிடலாம். சிலுவை அவ்வளவு பெரிதாக இருப்பதும் கடலிலிருந்து தெரியத்தான்.

"இந்த முறை வாய் நல்லா வடக்கால போயிட்டுது," என்றார். "அங்க நிக்கிற தென்னை ஒண்டைக் குறி வச்சுத்தான் வந்துகொண்டிருந்தம். மழைக்குள்ள எல்லாத் தென்னையும் ஒண்டுதான். ஜிபிஎஸ் பார்க்கிற போனும் நனைஞ்சிட்டுது. கண்ணுக்குத் தெரிஞ்சது உங்கட கம்பமும் சிலுவையும்தான். இவ்வளவு காலம் பழகின கண். யோசிக்க முதல் கை திருப்பிட்டுது."

உங்கட கம்பம். எங்கட என்று சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. முறிந்த தோளோடு கிடக்கிற மனிதரிடம் கோபப்படுகிறேனே என்ற வெட்கமும் சேர்ந்து வந்தது. "வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே," என்றேன். "ஒரு வார்த்தை. அண்டைக்குச் சாப்பிடேக்க."

"கரையில அதைப் பற்றிக் கதைக்கிறேல்ல," என்றார். "வாய் எங்க இருக்கெண்டு வீட்டில சொன்னா, எங்க செத்துப் போவம் எண்டு சொல்லுற மாதிரி. எங்கட அப்பாவும் அம்மாவுக்குச் சொன்னதில்ல." நல்ல கையால் போர்வையை இழுத்துவிட்டார். "நீயும் கேக்கேல்ல. எழுதிக்கொண்டிருந்தாய்."

இரண்டும் உண்மை. ஒன்றைக்கொண்டு மற்றதை அழிக்க எத்தனையோ நாள் முயன்றேன், முடியவில்லை.

பங்குச்சபைக் கூட்டத்தில் கம்பத்தை எடுக்கவேண்டும் என்று நான் சொன்னபோது எல்லாரும் என்னைப் புதினமாகப் பார்த்தார்கள். தந்தவர்களுக்கு மனம் நோகும் என்றார்கள். டைல்ஸ் எவ்வளவு வடிவாக இருக்கிறது என்றார்கள். நடந்தது ஆண்டவரின் சித்தம், கம்பம் என்ன செய்யும் என்றார் ஒரு பெண். சுவாமி தயங்கித் தயங்கிக் கேட்டார், "டீச்சர், நீங்கதானே இதைக் கேட்டு எழுதினது?"

"ஓம் சுவாமி. நான்தான்."

அதற்கு மேல் கூட்டத்தில் கதைத்துப் பயனில்லை என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறு, பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கிற நேரம், முன்னால் போனேன். வாசலுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து, பக்தியின் அடையாளம் என்ற வசனத்தை வாசித்தேன். "இது பிழை" என்றேன். "எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினேன். அந்தக் கம்பத்தைப் பார்த்துத்தான் என் மனிசன் திட்டில் ஏறினார். என் கொழுந்தனும் சாகப் பார்த்தார். நாளைக்கு வேறு வீட்டு ஆள் ஏறுவார்." கம்பம் எதற்கு என்பதை இரண்டு மொழியிலும் சொன்னேன். கரையில் கதைக்கக் கூடாததை மாதாவுக்கு முன்னால் ஒலிபெருக்கியில் நான் சொல்வதைக் கேட்டுப் பின்வாங்கில் ஆண்கள் நெளிந்தார்கள். பெண்களில் பாதிப்பேருக்கு நான் சொன்னது அன்றைக்குத்தான் தெரியும், என்னைப் போலவே.

வெளியே வந்ததும் ஒருத்தி தன் புருஷனைப் பிடித்து, "இவ்வளவு வருசமா எனக்குச் சொல்லேல்லயே" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரும்புக் கம்பத்தை வெட்டவில்லை. மேடையை உடைத்துக் கழற்றி, கோயிலின் பின்புறம் கொண்டுபோய் நட்டார்கள். இப்போது அதில் ஒலிபெருக்கியும் ஒரு மின்விளக்கும் தொங்குகின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

என் கணவருக்கு எலும்பு பொருந்தியது, ஆனால் வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. அவர் வீட்டில் கிடந்த மாதங்களில் நான் புத்தகத்தைத் திருத்தி எழுதினேன். அளவுநாடாவை எடுத்துப் போய், தம்பியிடம் கேட்டு, இந்தப் பருவத்தில் கம்பம் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று வாசலிலிருந்து அடிக்கணக்கில் அளந்து எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்த அளவை எடு," என்றார்.

"சரியான அளவு. உங்கட தம்பியைக் கேட்டுத்தான் எழுதினது."

"இண்டைக்குச் சரி. வாற கச்சானுக்குப் பிறகு அதைப் பார்த்து நட்டா இன்னொருத்தன் ஏறுவான்." சிரித்தார். தோள் நொந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். "நீ எழுத்தாலயும் சீமெந்து போடுறாய்."

அளவை அடித்துவிட்டேன்.

கச்சான் வந்து, அடித்து, ஓய்ந்தது. திருநாள் வந்தது. புதிய சவுக்கு மரம் வெட்டி வெள்ளை பூசினார்கள். வள்ளத்தில் போய்த் துணி பிடிக்கிறவர் யார் என்ற கதை வந்தபோது, "நான் போறன்" என்றார் என் கணவர். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? தம்பியும் கூடப் போனார்.

கம்பம் தூக்கும் இடத்தில் பெண்கள் நிற்பதில்லை. நான் போய் நின்றேன். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூப்பர் மட்டும், "டீச்சர், கால் கவனம்" என்றார். மரத்தின் அடியைக் கட்டிப் பிடித்தேன்.

தூரத்தில் துணி எழும்பியது. இடது கை. வடக்கே நீண்டது. நாங்கள் நகர்ந்தோம். இன்னும் வடக்கே. கிணற்றைத் தாண்டினோம். சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டினோம். பேண்ட்காரர் வாசித்ததையே வாசித்தார்கள். படம் எடுக்க வந்தவன் இதுக்குமேல போனா கோயில் படத்தில் வராது என்று முணுமுணுத்தான். நான் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். துணி தெற்கே ஒரு தரம் அசைந்தது. ஒரு அடி பின்னால் வந்தோம். மறுபடி வடக்கே, அரை அடி. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். எனக்கு அவசரம் இருக்கவில்லை.

துணி விழுந்தது.

குழி தோண்டினார்கள். கம்பத்தை இறக்கினார்கள். அந்த நேரம் கடலில் எஞ்சின் சத்தம் கேட்டது. வள்ளம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அன்று கடல் சும்மா கிடந்தது, திட்டில் உரசினாலும் ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அதன் மூக்கு மட்டும், பக்கம் எதுவும் இல்லாமல், என்னை நோக்கி வந்தபோது கன்னத்தை மரத்தில் அழுத்தினேன். மரத்தை இறுக்கிப் பிடித்தேன். வெள்ளைப் பூச்சு என் முகத்திலும் கையிலும் ஒட்டியது.

"டீச்சர், கையை எடுங்க," என்றார் ஒருவர். "மண் போடவேணும்."

நான் எடுக்கவில்லை. மூக்கு பெரிதாகிக்கொண்டு வந்தது. போன முறை எழும்பிய தூரம் எது என்று எனக்குத் தெரியும், என் கண்ணில் அது வெட்டிவைத்தது போல இருக்கிறது. அங்கே வந்தது. எழும்பவில்லை. நேராக வந்தது. அவர் வள்ளத்தில் நின்றபடி, நனைந்த துணியை இடது தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தையும் சிலுவையையும் பார்த்திருப்பார்.

வள்ளத்தின் அடி கரை மணலில் உரசிய சத்தம் கேட்ட பிறகு நான் கையை எடுத்தேன். அவர்கள் மண்ணைப் போட்டார்கள்.